துருப்பிடித்த பெட்ரோல் குழாயை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பெட்ரோல் கார். மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷன் வகை. அதாவது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் அழுத்தத்தோடு பெட்ரோலைத் தெளிக்கும். சில நாள்களாகப் பின்பக்கம் பெட்ரோல் வாடை அடிக்கிறது. குனிந்து பார்த்தால் பின்சக்கரத்துக்கு முன்னால், அடித்தட்டை ஒட்டிப் போகும் எஃகுக் குழாய் துருவேறி ஓரிடத்தில் ஈரமாக இருக்கிறது. அந்த அரையடித் துண்டை மட்டும் வெட்டிவிட்டு, நடுவில் ரப்பர் ஹோஸ் செருகி, இரு முனையிலும் கிளிப்பை முறுக்கிவிட்டால் போதாதா, அதை வீட்டிலேயே செய்யக்கூடாதா என்பது கேள்வி.

வீட்டில் செய்யலாம். ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் வழியில் வேண்டாம். ஈரம் தெரிகிற இடம் மட்டும்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதில்தான் இந்த வேலையின் தொல்லைகள் பெரும்பாலும் தொடங்குகின்றன. முதலில் பொத்தல் விழுந்த இடம் அது, அவ்வளவுதான். அதே வயதுள்ள, அதே சேறும் தண்ணீரும் பட்ட மீதிக் குழாய் அதற்குப் பின்னாலேயே வரிசையில் நிற்கிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் குழாயைத் தாங்கிப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியில் ஆலையில் கொடுத்த பூச்சு ஓரளவு நன்றாகவே இருக்கும். கிளிப்புக்குள் மறைந்திருந்த இடத்தில் மண் இறுகிக் கட்டியாக உட்கார்ந்திருக்கும். அதை நகத்தால் சுரண்டினால் பழுப்புப் பொருக்கு ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். அதன் அடியில் குழாய் இடுப்பு ஒடுங்கினாற்போல் மெலிந்திருக்கும். சில சமயம் அந்தப் பொருக்கே கசிவை அடைத்துக்கொண்டிருக்கும். சுரண்டிய மறுகணம் ஈரம் படரும். ஆகவே இந்தச் சோதனையை எஞ்சின் ஓடும்போதோ, எஞ்சினை நிறுத்திய உடனேயோ செய்யாதீர்கள்.

கிளிப்புகளைத் தவிர இன்னும் இரண்டு இடங்களைப் பார்த்தாக வேண்டும். ஒன்று, பின் ஆக்சிலுக்கு மேலே குழாய் வளைந்து ஏறும் இடம்; சக்கரம் வாரி இறைக்கும் சேறெல்லாம் அங்கேதான் தங்கும். மற்றொன்று டேங்கின் தலைப்பகுதி. பம்ப் பொருத்தியிருக்கும் மூடியிலிருந்து வெளியே வரும் சிறு முனைகள் எஃகாக இருந்தால் அவையும் அரித்திருக்கக்கூடும். அவை போய்விட்டிருந்தால் குழாயை மட்டும் மாற்றுவது வீண். பம்ப் தொகுதியையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். இதைக் குழாயை வெட்டிய பிறகு கண்டுபிடித்தால் கார் நாள்கணக்கில் ஸ்டாண்டின் மேலேயே நிற்கும். வேலையில் இறங்குமுன் ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அழுத்தம். உங்கள் காரில் என்ன அழுத்தம் ஓடுகிறது என்பது தெரியாமல் ஹோஸோ கிளிப்போ வாங்கக் கிளம்பக்கூடாது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில், எஞ்சினோடு சேர்ந்த பம்ப் கொடுப்பது அரை பாரைத் தாண்டுவது அரிது (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). உங்களுடையதுபோன்ற மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷனில் அது 3 முதல் 4 பார் வரை. பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற பழைய இன்ஜெக்‌ஷன் அமைப்பு 5 பாரை ஒட்டி வேலை செய்யும். கார்புரேட்டர் காலத்தில் ஹோஸைச் செருகிக் கிளிப் போட்டுப் பல ஆண்டு ஓட்டியவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. அதே வேலையை எட்டு, பத்து மடங்கு அழுத்தமுள்ள குழாயில் செய்தால், கிளிப் தளர்கிற அன்று பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சும். பக்கத்திலேயே சைலன்சர் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும்.

கார்புரேட்டர் வண்டிக்கு வேறொரு குணம் உண்டு. பம்ப் முன்னால் எஞ்சினில் இருப்பதால், டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள குழாயில் அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான். அங்கே ஊசித்துளை விழுந்தால் பெட்ரோல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். ஈரமே தெரியாது, மேட்டில் ஏறும்போது வண்டி திணறும், காலையில் கிளம்ப அடம்பிடிக்கும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தும் குறை தீரவில்லை என்றால் குழாயைச் சந்தேகப்படலாம்.

வீட்டில் கை வைக்கவே கூடாத வண்டிகளையும் சொல்லிவிடுகிறேன். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயிலிருந்து (அதுதான் ரெயில்) டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினின் உயரழுத்தப் பகுதியில் ஆயிரம் பாரைத் தாண்டிய அழுத்தம் இருக்கும். அங்கே மயிரிழைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உடலுக்குள் செலுத்திவிடும். நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எஞ்சினிலும் உயரழுத்தப் பம்புக்கும் ரெயிலுக்கும் நடுவிலுள்ள குழாய் நம் வேலையில்லை. டேங்க் நிறைய பெட்ரோல் இருந்து, அதை இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையிலும் தனியாளாக முயல வேண்டாம். பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ. 40 லிட்டர் என்றால் 30 கிலோ, அதுவும் அலைந்து ஒரு பக்கமாகச் சாயும் 30 கிலோ.

இனி ஆவி. பெட்ரோலைப் பார்த்து அஞ்சுகிறவர்கள்கூட அதன் ஆவியை மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடக்கூடியது. அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது; தரையோடு தரையாகத் தவழ்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும். அதனால்தான் காருக்கு அடியில் படுத்து வேலை செய்ய வசதியாக வெட்டி வைத்த குழி இந்த வேலைக்கு மிக மோசமான இடம். நிலத்தடி வண்டி நிறுத்தமும் அப்படியே. திறந்த வெளியில், சமதளமான கெட்டித் தரையில் செய்யுங்கள். கொட்டகைக்குள்தான் முடியும் என்றால் கதவுகள் எல்லாம் திறந்திருக்கட்டும். அதே கூரைக்கடியில் எரிவாயு வெந்நீர்க் கலனோ, தானாக ஓடி நிற்கும் குளிர்பதனப் பெட்டியோ இருந்தால் அவை அணைந்திருக்க வேண்டும். மூடிய எல்.இ.டி. டார்ச் போதும், கம்பியில் தொங்கும் கண்ணாடி பல்பு வேண்டாம், அதன்மேல் பெட்ரோல் சொட்டினால் வெடித்துத் தீப்பிடிக்கும். கிரைண்டர், டிரில், கேஸ் டார்ச் மூன்றையும் எடுக்க வேண்டிய தேவையே இந்த வேலையில் வராது. உலர்தூள் அல்லது நுரைத் தீயணைப்பான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், காருக்கடியில் அல்ல. தண்ணீர் வாளி உதவாது. எரியும் பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து பரவும்.

காரை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகு, குழாயிலிருக்கும் அழுத்தத்தை எடுக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்பின் பியூஸையோ ரிலேயையோ பிடுங்குங்கள். குழாயிலுள்ள பெட்ரோலைத் தீர்த்துவிட்டு எஞ்சின் தானாக நின்றுவிடும். இன்னும் ஓரிரு முறை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பிறகு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே அடைபட்ட ஆவியை வெளியே விட்டுவிட்டு மறுபடி மூடிவிடுங்கள். திறந்தே கிடந்தால், குழாயை அறுத்ததும் டேங்கிலிருந்து பெட்ரோல் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். இவ்வளவு செய்தும் குழாயில் கொஞ்சம் மிச்சமிருக்கும். முதல் இணைப்பைத் தளர்த்தும்போது துணியால் சுற்றிப் பிடியுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அடியில் படுக்காதீர்கள். வடியும் பெட்ரோலைப் பெட்ரோலுக்கென்றே செய்த கேனில் பிடியுங்கள், கேன் தரையில் உட்கார்ந்திருக்கட்டும். தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைப்பது எல்லா வகையிலும் ஆபத்து.

எந்தக் குழாயை வாங்குவது? உங்கள் காருக்கென்று வளைத்து, இணைப்புகளோடு தயாராக வரும் குழாய் கிடைத்தால் அதையே வாங்குங்கள். செலவு கூடும், ஆனால் பாதி வேலையும் முக்கால் பங்கு கவலையும் அதோடு போய்விடும். கிடைக்காவிட்டால் என் தேர்வு செம்பு-நிக்கல் கலவைக் குழாய்: 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், முனையை விரிக்கும்போது எளிதில் வெடிக்காது. வோல்வோ 1976 முதல் பிரேக் குழாய்க்கே இந்தக் கலவையைப் பயன்படுத்தத் தொடங்கியது. பூச்சுள்ள எஃகுக் குழாய் விலை குறைவு. நன்றாகவே உழைக்கும், ஆனால் வளைப்பது கடினம். துருவேறா எஃகு பார்க்க அழகு. அதன் முனையை வீட்டுக் கருவியால் ஒழுங்காக விரிப்பது பெரும்பாடு. வெறும் செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம். அதிர்வில் இறுகி விரிசல் விடும். பெட்ரோல் பிசினாகத் திரிவதையும் செம்பு தூண்டும்.

விட்டத்தை அளவுகோலை வைத்து ஊகிக்காதீர்கள். வெர்னியரால் அளவெடுங்கள், அதுவும் துருவில்லாத பகுதியில். 8 மில்லிமீட்டரும் 5/16 அங்குலமும் ஏறக்குறைய ஒன்று. 6 மில்லிமீட்டரும் கால் அங்குலமும் ஒன்றல்ல, பின்னது 6.35. அந்த மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் இணைப்பு கசியும். நட்டின் மரையும் அங்குலக் கணக்கா மெட்ரிக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய குழாயை முடிந்தவரை முழுதாக வெளியே எடுங்கள்; புதியதை வளைக்க அதுவே அச்சு. கழற்றுமுன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்வதோடு, பெட்ரோல் போகும் குழாய், திரும்பும் குழாய், ஆவிக் குழாய் என்று டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்றும் அருகருகே ஒரே நிறத்தில் ஓடும். திரும்பும் குழாய் இல்லாத வண்டிகளும் உண்டு. நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். சாதாரண ஸ்பேனரை விட்டுவிட்டு, குழாய்க்கு வழிவிட்டு நட்டை ஏறக்குறைய முழுவதும் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் நட் ஸ்பேனரை வாங்குங்கள். பில்டர் முனைகளில் இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று திருப்ப, மற்றொன்று எதிர்த்துப் பிடிக்க. நட்டு அசையவே இல்லை என்றால் குழாயை வெட்டிவிட்டு ஆறுமுக சாக்கெட்டை மாட்டிக் கழற்றலாம். எப்படியும் தூக்கிப்போடும் குழாய்தானே. வெட்டுவதற்குக் கையால் சுற்றும் குழாய் வெட்டி மட்டும்.

பழையது துண்டு துண்டாக ஒடிந்துதான் வந்தது என்றால், கெட்டியான கம்பி ஒன்றை வண்டியின் அடியில் அதே வழியாக வளைத்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். புதிய குழாய் சுருளாக வரும். சுருளின் பக்கவாட்டிலிருந்து இழுத்தால் முறுக்கிக்கொள்ளும். தரையில் நிறுத்திச் சக்கரம்போல் உருட்டிக்கொண்டே பிரியுங்கள். வளைவின் ஆரம் குழாயின் வெளிவிட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. வளைக்கும் கருவி இருந்தால் இதைத் தனியாக நினைக்க வேண்டாம். ஒருமுறை நசுங்கிய இடத்தை நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள்.

இந்த வேலையில் உண்மையான சோதனை முனைகளில்தான் இருக்கிறது. திருகு நட்டு உள்ள இணைப்பு என்றால் முனையை விரிக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே, வளைவுகள் போடுவதற்கும் முன்னாலேயே, நட்டுகளையும் ரப்பர் உறைகளையும் குழாயில் கோத்துவிடுங்கள். வளைவைத் தாண்டி நட்டு நகராது, விரித்த முனை வழியாக உள்ளே ஏறவும் ஏறாது. வெட்டு நேர்க்கோணமாக இருக்க வேண்டும். உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் உள்ள பிசிறை அரத்தால் நீக்கி, விளிம்பை லேசாகச் சரித்துவிடுங்கள். பிசிறு ஒரு நூல் அளவு இருந்தாலும் விரியும்போது அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும். இப்போது குழாயை விரிப்புக் கருவியின் தாங்கியில் இறுக்கி, அதோடு வரும் அச்சுக்கட்டையின் விளிம்பு உயரத்துக்கு முனை வெளியே நீட்டும்படி வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அழுத்துங்கள். முனை முதலில் குமிழாகப் புடைக்கும். கட்டையை எடுத்துவிட்டுக் கூம்பால் அழுத்தினால் அந்தக் குமிழ் உள்பக்கமாக மடிந்து இரட்டைச் சுவராகும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாய் வட்டமாக, நடுமையத்தில், ஒரே அகலத்தில் பளபளவென்று இருந்தால் சரி. ஒரு பக்கம் தடித்திருந்தாலோ, மயிரிழைக் கோடு தெரிந்தாலோ வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். இறுக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணினால், இறுக்க இறுக்கக் கசிவுதான் பெரிதாகும். மிச்சத் துண்டில் கை பழகிக்கொண்ட பிறகு உண்மையான குழாயில் தொடுவது நல்லது.

கோணத்தையும் பாருங்கள். கார்களில் பொதுவாக 45 டிகிரி விரிப்பு. பந்தய வண்டிப் பொருத்திகள் 37 டிகிரி. இரண்டும் ஒன்றுக்கொன்று மரையில் ஏறக்கூடும், ஆனால் பொருந்தாது. சில வண்டிகளில் விரிப்பே இருக்காது. குமிழ் வடிவ முனையோ, ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் வைத்த முனையோ இருக்கும். எது கழன்று வந்ததோ அதே வகைதான் திரும்பப் போக வேண்டும். நீர்க்குழாய்க்குப் போடும் பித்தளை அழுத்த வளைய இணைப்பை இன்ஜெக்‌ஷன் குழாயின் நடுவில் போடாதீர்கள்.

உங்கள் காரில் பெரும்பாலும் அழுத்திச் செருகும் விரைவு இணைப்பிகள் இருக்கும். அவற்றைக் கழற்ற அதே அளவுள்ள பிளாஸ்டிக் விடுவிப்பான் வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் உள்ளிருக்கும் பூட்டு உடையும், அதைவிட மோசமாக, உள்ளே செருகும் குழாய் முனையின் வழவழப்பில் கீறல் விழும். ஓ-ரிங் அடைப்பது அந்த வழவழப்பில்தான். துருக்குழி உள்ள முனையில் புது ஓ-ரிங் போட்டும் பயனில்லை. செருகுமுன் முனையில் ஒரு துளி சுத்தமான எஞ்சின் எண்ணெய் தடவுங்கள். ‘கிளிக்’ ஓசையோடு நிறுத்தாமல், பிறகு பலமாக வெளியே இழுத்துப் பாருங்கள். ஓசை வந்தும் பாதியில் நிற்கும் இணைப்பிகள் உண்டு.

ஹோஸே கூடாதா என்றால், கூடும், இருக்க வேண்டிய இடத்தில். எஞ்சின் தன் ரப்பர்த் தாங்கிகளின்மேல் ஆடும், வண்டியின் உடலோ ஆடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் வளையும் துண்டு ஒன்று வேண்டும், டேங்க் பக்கமும் அப்படியே. அங்கே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 (வாகனப் பொறியாளர் சங்கத்தின் எரிபொருள் ஹோஸ் தரக் குறி) என்று மேலே அச்சிட்ட ஹோஸைப் போடுங்கள். அது 7 பார் அளவுக்கு உரியது, உட்சுவர் புளோரோ ரப்பர், எத்தனால் கலந்த பெட்ரோலையும் தாங்கும். ஆர்7 கார்புரேட்டர் வண்டிக்கு உரியது. டேங்குக்குள்ளே மூழ்கியிருக்கும் துண்டுக்கு ஆர்10 தனியாக வேண்டும்; மற்றவற்றின் வெளிச்சுவர் பெட்ரோலில் ஊறிக் கரையும். ஹோஸ் ஏறும் உலோக முனையில் புடைத்த வளையம் இருக்க வேண்டும். வெட்டிய மொட்டை முனையில் எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் அதை மெல்ல நழுவச் செய்துவிடும். மேலே சொன்ன விரிப்புக் கருவியின் முதல் கட்டக் குமிழே இதற்குப் போதும். பட்டையில் பிளவு வெட்டிய சாதாரணக் கிளிப் ரப்பரைக் கடித்து அறுக்கும். விளிம்பு மடித்த, சுற்றிலும் சமமாக இறுகும் இன்ஜெக்‌ஷன் கிளிப்பை வாங்குங்கள். கிளிப்பின் இடம் வளையத்துக்குப் பின்னால், அதன்மேல் அல்ல.

பொருத்துமுன் குழாயின் உள்ளே காற்றடித்து உலோகத்தூளை வெளியேற்றுங்கள். பில்டருக்குப் பிந்திய குழாயில் தங்கும் தூள் நேரே இன்ஜெக்டருக்குத்தான் போகும். பில்டரையும் இப்போதே மாற்றிவிடுங்கள், அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும். குழாய் பழைய வழியிலேயே போகட்டும். குறுக்குவழி என்று சைலன்சர் பக்கம் நெருங்காதீர்கள், வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றியிருந்தால் திரும்பப் போட மறக்காதீர்கள். அரை மீட்டருக்குள் ஒரு தாங்கி வேண்டும். செம்பு-நிக்கல் குழாய் வெறும் எஃகுத் தாங்கியைத் தொட்டால் ஈரத்தில் எஃகு அரிக்கும். ரப்பர் உறையோ பிளாஸ்டிக் கிளிப்போ நடுவில் இருக்கட்டும். முடித்துவிட்டு மேலே கெட்டியான தார்ப்பூச்சு பூசும் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. அடியில் ஈரத்தைப் பூட்டிவைக்கும், அடுத்த கசிவையும் கண்ணுக்கு மறைக்கும். மெல்லிய மெழுகுப்பூச்சு போதும்.

அடியில் படுத்திருக்கும்போதே, அதே தாங்கிகளில் கூட ஓடும் பிரேக் குழாயையும் பாருங்கள். பெட்ரோல் குழாய் அரித்த இடத்தில் அது மட்டும் தப்பித்திருக்க வாய்ப்புக் குறைவு. அங்கே அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. இந்தப் பதிலில் சொன்ன ஹோஸ், கிளிப் எதுவும் அங்கே செல்லாது.

சோதிக்கும்போது அவசரம் வேண்டாம். சிந்தியது முழுதும் உலர்ந்து வாடை போனபின், பிடுங்கிய பியூஸையோ ரிலேயையோ திரும்பப் போட்டு, பேட்டரியை மாட்டி, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பம்ப் இரண்டு, மூன்று விநாடி ஓடி நிற்கும். அணைத்து மறுபடி திருப்புங்கள், நான்கைந்து முறை. பிறகு ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் சுற்றித் தொட்டுப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். அதன்பின் எஞ்சினைக் கிளப்பி, ஒருவர் காருக்குள் சாவியில் கை வைத்துக்கொண்டிருக்க, மற்றவர் பார்க்கட்டும். அழுத்தமானி இருந்தால் மாட்டலாம்; ஆனால் எஞ்சினை நிறுத்திய பின் முள் மெல்ல இறங்கினால் அதற்குக் குழாயே காரணம் என்று முடிவுகட்டாதீர்கள், பம்பிலிருந்து பெட்ரோல் பின்னோக்கி இறங்காமல் தடுக்கும் வால்வோ இன்ஜெக்டரோ கசியலாம். காகிதம் உலர்ந்திருந்தால் குழாய் சரி. கொஞ்ச தூரம் ஓட்டி வந்து சூட்டில் ஒருமுறை, மறுநாள் காலை குளிர்ந்த பின் ஒருமுறை அதே காகிதச் சோதனையைச் செய்யுங்கள். அதுவரை டேங்கை நிரப்ப வேண்டாம்; நிரப்பிய அன்று டேங்கின் தலைப்பகுதியை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள், அங்கேயுள்ள சில கசிவுகள் டேங்க் நிறைந்த பிறகுதான் தெரியும்.